தண்ணீர் இறக்கிய நேரம்

கம்பி உள்ளே போகவில்லை. நெவெங்கா பனியில் ஒரு முழங்காலை ஊன்றி, டிராக்டர் ரேடியேட்டருக்கு அடியிலிருந்த பித்தளைக் குழாயை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் கம்பியை முறுக்கி முறுக்கிக் குத்தினாள். உள்ளே துரு அடைத்திருந்தது. மூன்றாவது குத்தில் ஏதோ இளகியது. முதலில் சொட்டு வந்தது. பிறகு பழுப்பு நிறத்தில் நூல் போல ஒழுகியது. பிறகு கொதிக்கும் தண்ணீர் அவள் கையுறையை நனைத்துக்கொண்டு பனியில் விழுந்து ஆவியாக எழுந்தது.

எஞ்சினின் பக்கவாட்டிலிருந்த இரண்டாவது குழாயை ஏற்கெனவே திறந்திருந்தாள். மேல்மூடியையும் கழற்றியாகிவிட்டது. இரண்டு குழாயும் திறந்திருக்க வேண்டும், மூடி கழன்றிருக்க வேண்டும், தண்ணீர் நின்ற பிறகு இன்னொரு முறை கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். மொத்தம் பதினான்கு லிட்டர். அதில் ஒரு குவளை உள்ளே தங்கினாலும், மைனஸ் பதினெட்டில் உறைந்து விரிந்து எஞ்சினின் வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். குளிரில் உறையாத திரவம் கடையில் கிடைக்கத்தான் செய்தது. ஆனால் இந்த ரேடியேட்டர் மூன்று இடங்களில் கசிந்தது. "ஒழுகற வண்டிக்கு ஓடைத் தண்ணி போதும்" என்று அவள் மாமனார் ராதிவோயே முடித்துவிட்டார். அதனால் நவம்பர் முதல் மார்ச் வரை, வேலை முடிந்ததும் தண்ணீரை இறக்குவதும் மறுநாள் காலையில் சுடுதண்ணீர் ஊற்றுவதும் அந்த வீட்டின் சட்டம்.

இரண்டு மாதமாக அந்தச் சட்டம் நெவெங்காவின் தலையில் விழுந்திருந்தது. மாமனார் படுக்கையில் விழுந்துவிட்டார். கணவன் ஸ்லாவ்கோ சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டினான். கோலியா மலையின் ஊர்ச் சாலைகளையெல்லாம் அவன் சுத்தம் செய்ய, அவன் வீட்டுப் பாதையை அவள் சுத்தம் செய்தாள்.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு மிலிசாவ் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டே படியிறங்கி வந்தார். அவள் பாதையில் பனி தள்ளிக்கொண்டிருந்த ஒன்றரை மணி நேரமும் அவர்தான் கிழவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தூங்கறாரு. மூச்சு கொஞ்சம் இழுக்குது, ஆனா தூங்கறாரு. நான் போய் மாட்டைக் கறக்கணும் புள்ள. அதுங்க என்னைத் திட்ட ஆரம்பிச்சிருக்கும்."

"போங்கண்ணே. தண்ணிய எறக்கிட்டு உள்ள போயிடறேன். பத்து நிமிஷம்."

"கம்பிய நல்லா விட்டுப் பாரு. இல்லேன்னா கெழவன் எந்திரிச்சு வந்து என்னையும் சேத்து அடிப்பான்."

அப்போது மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. மிலிசாவ் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டே போனார். ஓடையின் குறுக்கே கிடந்த பலகையைத் தாண்டி அவருடைய தொழுவத்துக்குள் அவர் மறைவதை அவள் பார்த்தாள்.

தண்ணீர் நின்றது. மறுபடி கம்பி விட்டாள். இன்னும் ஒரு கை அளவு வந்தது. எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பம்பில் தங்கியதையும் வெளியேற்றினாள். பாட்டரியின் இணைப்பைக் கழற்றினாள். அதையும் வீட்டுக்குள் கொண்டுபோய் அடுப்புக்குப் பின்னால் வைக்க வேண்டும். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வழக்கமாக இந்த நேரத்தில் சுவர் தட்டப்படும். எஞ்சின் நின்ற சத்தம் கேட்டதும் கிழவர் தலையணை ஓரம் சாய்த்து வைத்திருக்கும் கம்பை எடுத்துச் சுவரில் மூன்று முறை இடிப்பார். தண்ணியை இறக்கினாயா என்று அதற்குப் பொருள். அவள் போய் "எறக்கிட்டேன் மாமா" என்று சொல்லும்வரை இடித்துக்கொண்டே இருப்பார். சொன்னாலும் நம்பமாட்டார். "ரெண்டு குழாயுமா?" என்பார். "கம்பி விட்டியா?" என்பார். பதினாறு வருடத்தில் அவர் அவளிடம் இதைவிட அதிகமாக வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை.

இன்று தட்டவில்லை.

அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஈரக் கையுறையைக் கழற்றிவிட்டு பானெட்டின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். தகரம் சூடாக இருந்தது. கையைச் சுடவில்லை, சுடப்போவதற்கு ஒரு படி முன்னால் நின்ற சூடு. அது விரல்களிலிருந்து மணிக்கட்டுக்கும், அங்கிருந்து முழங்கைக்கும் ஏறியது. பிறகு மார்பையும் சாய்த்தாள். கன்னத்தை வைத்தாள். டீசலும் துருவும் ஈரக் கம்பளியும் கலந்து மணத்தன. உள்ளே அந்த அறையில் வேறு மணம் இருந்தது: மூத்திரத் துணி, கற்பூரத் தைலம், இரண்டு மாதமாகத் திறக்காத சன்னல். உள்ளே போக வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. ஒரு முறை அல்ல, இரண்டு மூன்று முறை நினைத்தாள். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம், சூடு ஆறும்வரை என்று நின்றாள். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியது. ஒரு காகம் வைக்கோல் போரிலிருந்து எழுந்து போனது. மிலிசாவின் தொழுவத்தில் விளக்கு எரிந்தது. அவள் எதையும் செய்யவில்லை, எதைப் பற்றியும் கவலைப்படவில்லை. இரண்டு மாதத்தில் அதுதான் அவளுக்குக் கிடைத்த நல்ல நேரம்.

பாட்டரியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரம் மூன்று முப்பத்தைந்து காட்டியது.

அடுத்த அறையில் கிழவரின் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. வாய் திறந்திருந்தது. கம்பு தரையில் கிடந்தது.

அவள் முதலில் பார்த்தது கம்பைத்தான். அதைத் தலையணை ஓரம் சாய்த்து வைத்ததும் அவள்தான். பாதையைச் சுத்தம் செய்யப் புறப்படும் முன், அவர் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துத்தான் வைத்தாள். தானாகச் சரிந்திருக்கலாம். மிலிசாவ் எழுந்து போகும்போது அவர் கால் பட்டு விழுந்திருக்கலாம். அல்லது சுவரைத் தட்டக் கிழவரே எடுத்திருக்கலாம்.

"மாமா" என்றாள். பிறகு அவர் கையைத் தொட்டாள். கை இன்னும் சூடாக இருந்தது. அவள் கை அதைவிடச் சூடாக இருந்தது.

மேசையின் மேல் மெழுகுவர்த்தி படுத்திருந்தது. தேன்மெழுகில் செய்தது, பக்கத்தில் தீப்பெட்டி. முந்தின நாள் வந்த நர்ஸ் "நாளைக்கோ மறுநாளோ" என்று சொல்லிவிட்டுப் போனதும் நெவெங்காவே எடுத்து வைத்தாள். காலையில் ஸ்லாவ்கோவின் அக்கா யாகோதா நகரத்திலிருந்து போனில் கூப்பிட்டுக் கத்தினாள்: "அவரை விட்டு நகராத நெவெங்கா. நான் வர்றவரைக்கும் நகராத. வெளிச்சம் இல்லாம போயிடக் கூடாது, கேக்குதா?" அந்த மலையில் யாரும் மெழுகுவர்த்தி கையில் இல்லாமல் சாவதில்லை. பனிச்சரிவில் புதைந்தவர்கள், ஆற்றில் போனவர்கள், போரில் போனவர்கள்தான் அப்படிச் சாவார்கள். அவர்கள் மறுஉலகத்துக்குப் போய் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார்கள் என்பார்கள். அவர்களுக்கென்று தனியாக விளக்கு ஏற்ற வேண்டும். நாற்பது நாளும், பிறகு ஒவ்வொரு இறந்தோர் நாளிலும். படுக்கையில் கிடந்து, பக்கத்தில் ஆள் இருந்து, மேசையில் மெழுகுவர்த்தியும் இருந்து ஒருவர் அப்படிப் போனதாக நெவெங்கா கேள்விப்பட்டதில்லை.

மூன்று தீக்குச்சி வீணானது. நான்காவதில் பற்றியது. அவர் வலது கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மெழுகுவர்த்தியைச் சுற்றி மூடி, அதன் மேல் தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டாள். விட்டால் விரல்கள் பிரிந்தன. மெழுகு உருகி அவள் பெருவிரலில் விழுந்தது. கையை எடுக்கவில்லை. ஜெபம் ஒன்று தெரியும். அதன் நடுப்பகுதி வரவில்லை.

பிறகு சன்னலைத் திறந்தாள். சாவு வீட்டு முறைப்படி முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடினாள். குனிந்து கம்பை எடுத்து, பழையபடி தலையணை ஓரம் சாய்த்து வைத்தாள்.

ஸ்லாவ்கோ போனை எடுத்தபோது லாரியின் கண்ணாடித் துடைப்பான் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அப்பா போயிட்டாருங்க."

துடைப்பான் நான்கைந்து முறை போய் வந்தது.

"எப்ப?"

"மூணு முப்பத்தஞ்சுக்கு." அவளுக்குத் தெரிந்த நேரம் அது ஒன்றுதான்.

"வெளிச்சத்தோடவா?"

"கையிலதான் இருந்துச்சு" என்றாள்.

முன்பே யோசித்து வைத்தது போல அந்த வாக்கியம் வந்தது. அதில் பொய் எங்கே இருக்கிறது என்று பிறகு பல முறை தேடிப் பார்த்தாள். வார்த்தை வார்த்தையாக எடுத்தால் எதிலும் இல்லை.

ஸ்லாவ்கோ மூக்கை உறிஞ்சினான். "நல்லவேளை நீ இருந்த" என்றான்.

ஆறு மணிக்குச் சாலைத் துறையின் லாரியே முன்னால் பனி தள்ளும் தகட்டைத் தூக்கிக்கொண்டு, மஞ்சள் விளக்கு சுழல, வீட்டு வாசல்வரை ஏறி வந்தது. ஸ்லாவ்கோ யாகோதாவைப் பேருந்து நிறுத்தத்தில் ஏற்றி வந்திருந்தான். அவள் அந்த உயரத்திலிருந்து நகரத்துக் கோட்டுடன் குதித்தாள். ஐம்பது வயது, அப்பாவின் தாடை. உள்ளே வந்து அப்பாவைப் பார்ப்பதற்கு முன்னால் நெவெங்காவின் தோளைப் பிடித்தாள்.

"தம்பி சொன்னான். நீ புடிச்சுக்கிட்டு இருந்தியா?"

நெவெங்கா தலையாட்டினாள்.

"ரெண்டு தடவை பஸ் ஏறினேன். ஒரு தடவை பனின்னு பாதியில திருப்பிட்டான். ஒரு தடவை நானே இறங்கிட்டேன், லீவு கிடைக்காதுன்னு. பெத்த பொண்ணு நான். வேத்து வீட்டுப் பொண்ணு நீ புடிச்சுக் குடுத்திருக்க." அவள் நெவெங்காவின் கையை எடுத்து முத்தமிட்டாள். வயதில் மூத்தவள். நெவெங்கா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். யாகோதா விடவில்லை.

"அண்ணி, வேண்டாம்."

"வேண்டாம்னா? நீ இல்லேன்னா இவரு எப்படிப் போயிருப்பாரு?"

அப்போதே சொல்லியிருக்கலாம். நெவெங்கா வாயைத் திறக்கவும் செய்தாள். ஆனால் யாகோதா அதற்குள் அறைக்குள் போய் "அப்பா" என்று முழந்தாளிட்டுவிட்டாள்.

மிலிசாவும் ஸ்லாவ்கோவும் உடம்பைக் கழுவினார்கள். பெரிய பானையில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ஒரு குவளை சிவப்பு ஒயின். சவரம் செய்தார்கள். அவரே நாற்பது வருடத்துக்கு முன் வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டார்கள். முதுகுப்பக்கம் மடித்து ஊசி குத்த வேண்டியிருந்தது. "எளச்சுட்டான் கெழவன். இந்தக் கோட்டுல இன்னொருத்தனையும் கூட்டிக்கிட்டுப் போகலாம்" என்றார் மிலிசாவ். ஸ்லாவ்கோ சிரித்தான், சிரித்த முகத்தை என்ன செய்வது என்று தெரியாமல் சோப்பைத் தேடினான்.

முகத்தையும் கையையும் தானே துடைப்பேன் என்று யாகோதா சொல்லியிருந்தாள். துணியை நனைத்துப் பிழிந்து வலது கையை எடுத்தவள் நின்றுவிட்டாள்.

"தம்பி, இங்க பாரு."

கையின் வெளிப்பக்கத்தில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில், கறுப்பாக எண்ணெய்க் கறை. யாரோ அழுத்திப் பிடித்தது போல.

"ரெண்டு மாசமா படுக்கையில கெடக்கறாரு. இன்னும் இவரு கையை விட்டுப் போகல பாரு இந்த எண்ணெய்." அவள் குனிந்து முகர்ந்தாள். "டீசல் வாசனை. சின்ன வயசுல என் தலையைத் தடவினா முடியெல்லாம் இந்த வாசனைதான் அடிக்கும்." துணியைக் கீழே வைத்தாள். "இதைக் கழுவ வேண்டாம். இதோடயே போகட்டும்."

ஸ்லாவ்கோ அதுவரை அழவில்லை. இப்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான்.

நெவெங்கா அலமாரி அருகில் நின்றிருந்தாள். தன் கையைப் பிற்பகலிலேயே சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியிருந்தாள். ஆனாலும் இரண்டு கைகளையும் ஏப்ரனுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். முகம் எரிந்தது. அடுப்புச் சூடு என்று நினைப்பார்கள்.

மறுநாள் ஒரு மணிக்கு அடக்கம். சவ வண்டி கீழே தார்ச் சாலையோடு நின்றுவிடும். கல்லறைக்கு இரண்டு கிலோமீட்டர் ஏற்றம், முழங்கால் அளவு பனி. ஸ்லாவ்கோ லாரியை விடியும் முன்பே திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அச்சடித்த மரண அறிவிப்புகளோடு வந்து, அவற்றை மரங்களிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டினான். சவப்பெட்டியை இழுக்க டிராக்டர்தான் போக வேண்டும். மகன் பெட்டிக்குப் பின்னால் நடக்க வேண்டும். ஓட்டுவதற்கு அவள்தான் மிச்சம்.

காலை எட்டு மணிக்கு மிலிசாவ் ஒரு பழைய தகரத் தட்டில் தணலை எடுத்து வந்து எஞ்சினுக்கு அடியில் தள்ளினார். உறைந்த எண்ணெய் இளகுவதற்கு அரை மணி நேரம். அதற்குள் அடுப்பில் தண்ணீர் கொதித்தது. நெவெங்கா பெரிய பானையைத் தூக்கப் போனாள்.

"அது வேண்டாம்" என்றாள் யாகோதா. "அப்பாவைக் கழுவினது." அவளே இரண்டு வாளியைக் கழுவி நிரப்பி, நகரத்துக் காலணியோடு பனியில் தூக்கி வந்தாள். கொஞ்சம் வழியில் சிந்தியது. நெவெங்கா இரண்டு குழாய்களையும் மூடிவிட்டு, புனல் வைத்து மெதுவாக ஊற்றினாள். தண்ணீர் உள்ளே போகும்போது இரும்பு டிக் டிக்கென்று முனகியது.

"நேத்து என்ன புள்ள, இந்த எஞ்சினைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்ன?" என்றார் மிலிசாவ், குனிந்தபடியே. "நான் ரெண்டு மாட்டையும் கறந்து, கன்னுக்கு ஊட்டிட்டு வெளிய வரேன், இன்னும் அப்படியே சாஞ்சு நிக்கற. ஸ்லாவ்கோ பாத்தா எஞ்சின்மேல பொறாமைப்படுவான்னு நெனச்சேன்."

நெவெங்காவின் கையில் வாளி நின்றது.

"எப்பண்ணே?" என்றாள் யாகோதா.

"அதான், பால் கறக்கற நேரம்."

"குழாய் அடைச்சுக்கிச்சு" என்றாள் நெவெங்கா. "துரு."

யாகோதா கையை ஊதிக்கொண்டிருந்தாள். சந்தேகத்தால் கேட்கவில்லை, எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். நேற்றிலிருந்து அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி" என்று சொல்லியிருந்தால் பொருந்தியிருக்காது. செத்தவரை விட்டுவிட்டு யாரும் டிராக்டருக்குப் போக மாட்டார்கள். நெவெங்கா அதைக்கூட யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்:

"முன்னாடி. அப்புறம் உள்ள போயி உக்காந்துட்டேன்."

மிலிசாவ் நிமிர்ந்தார். மாட்டைக் கறந்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியும். எத்தனை மணிக்கு எழுந்து போனார் என்பதும் தெரியும். அவர் முகத்தில் கேலிச் சிரிப்பு இன்னும் இருந்தது, ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. அவளை ஒரு நொடி பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து, தணலை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

"ஸ்டார்ட் பண்ணு புள்ள" என்றார். "சூடாயிடுச்சு."

எஞ்சின் மூன்றாவது சுற்றில் பிடித்தது. கறுப்புப் புகை பனியின் மேல் படர்ந்தது.

டிரெய்லரில் சிவப்புக் கம்பளம் விரித்து, நான்கு பேர் பெட்டியைத் தூக்கி வைத்தார்கள். முன்னால் சிலுவையைத் தூக்கிக்கொண்டு ஒருவர், அவருக்குப் பின்னால் பாதிரியார், பிறகு டிராக்டர், பிறகு ஸ்லாவ்கோவும் யாகோதாவும், பிறகு ஊர். நெவெங்கா முதல் கியரில் ஏறினாள். எஞ்சின் சத்தத்தில் பாதிரியார் பாடுவது கேட்கவில்லை. அவர் வாயிலிருந்து ஆவி வருவது மட்டும் தெரிந்தது. வளைவுகளில் திரும்பிப் பார்த்தாள். பெட்டி சரியவில்லை. பின்னால் யாகோதா டிரெய்லரின் பலகையில் ஒரு கையை வைத்தபடியே நடந்து வந்தாள்.

கல்லறை வாசலில் எஞ்சினை நிறுத்தினாள். காது இரைந்தது. பாதிரியார் குழியருகில் நின்று கேட்டார், கேட்க வேண்டிய முறைப்படி:

"வெளிச்சத்தோட போனாரா?"

"போனாரு சாமி" என்றாள் யாகோதா, எல்லோருக்கும் கேட்கும்படி. "என் தம்பி பொண்டாட்டி கையில புடிச்சுக் குடுத்தா. கடைசி மூச்சுவரைக்கும் பக்கத்துல இருந்தா. முதல் மண்ணு அவ போடட்டும்."

மகன் போட வேண்டிய மண். ஸ்லாவ்கோ விலகி வழிவிட்டான். கூட்டத்தில் சிலர் தலையசைத்தார்கள். ஒரு பெண் பக்கத்திலிருந்த தன் மருமகளிடம், நெவெங்காவைக் காட்டி, "பாத்துக்க" என்றாள். மிலிசாவ் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டு, தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெவெங்கா முன்னால் போனாள். மண் உறைந்து கட்டி கட்டியாக இருந்தது. ஒரு கட்டியை எடுத்தாள். கையால் நொறுக்கப் பார்த்தாள், நொறுங்கவில்லை. அப்படியே போட்டாள். பலகையில் அது விழுந்த சத்தம் யாரோ ஒரே ஒரு முறை தட்டியது போல இருந்தது.

குழி மூடப்பட்டதும் சாராயக் குப்பி கை மாறியது. வேகவைத்த கோதுமையை ஒவ்வொருவரும் ஒரு கரண்டி தின்றார்கள். வால்நட் பொடி உதட்டில் ஒட்டியது. ஆட்கள் குளிருக்குக் காலைத் தட்டிக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கினார்கள். வீட்டில் சூடான பயறு காத்திருந்தது. ஸ்லாவ்கோ பாதிரியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு முன்னால் போனான்.

கல்லறைத் தோட்டத்தின் மேல்மூலையில், வேலியை ஒட்டி, நாலு கால் வைத்த, மணல் நிரப்பிய தகரப் பெட்டி ஒன்று நின்றது. பெயரில்லாத பெட்டி. கல்லறையே இல்லாதவர்களுக்கும், இருட்டில் போனவர்களுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடம். நெவெங்கா முதலில் அதைத் தாண்டிப் போகத்தான் நினைத்தாள். டிராக்டர் வேறு பக்கம் நின்றது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கால் அங்கேதான் போனது. கோட்டுப் பையில் மிஞ்சியிருந்த மெல்லிய மெழுகுவர்த்தியை எடுத்து, பனியைத் தள்ளிவிட்டு மணலில் குத்தினாள். காற்றுக்கு உடம்பைக் காட்டி மறைத்து ஏற்றினாள்.

"யாருக்கு?"

யாகோதா பின்னால் நின்றாள். மூக்கு சிவந்து, கையில் காலிக் குப்பி.

நெவெங்கா தீக்குச்சியை அணைத்தாள். அதைப் பனியில் போட்டாள். பிறகு குனிந்து அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உங்கப்பாவுக்கு" என்றாள்.

யாகோதாவுக்குப் புரியச் சிறிது நேரமானது. முதலில் சிரிப்பது போல உதடு போனது. பிறகு பெட்டியைப் பார்த்தாள், மறுபடி நெவெங்காவைப் பார்த்தாள்.

"அந்த எஞ்சின்கிட்ட நின்னது..."

"ஆமாண்ணி."

"குழாய் அடைச்சுச்சுன்னியே?"

"அடைச்சதும் உண்மைதான். பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் சும்மா நின்னேன். சூடா இருந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"மொத்தம் முக்கால் மணி நேரம்."

யாகோதா குப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "தட்டினாரா? சுவத்துல? உனக்குக் கேக்கலையா?"

"தட்டல." இதையும் சொல்லாவிட்டால் இனி ஒருபோதும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது. "தட்டலன்னு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. உள்ள போனப்ப கம்பு கீழ கெடந்துச்சு."

மேலே தேவதாருக் கிளையிலிருந்து பனி கொத்தாகச் சரிந்து விழுந்தது. யாகோதா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், யாரோ கூப்பிட்டது போல. நெவெங்கா அடிக்காகக் காத்திருந்தாள். கெட்ட வார்த்தைக்காக, அழுகைக்காக. அவர் கையில் பதிந்த தன் எண்ணெய்க் கறையைப் பற்றியும் சொல்ல வேண்டுமா என்று யோசித்தாள். அதை மட்டும் சொல்ல முடியவில்லை.

யாகோதா திரும்பி நடந்தாள். தம்பியும் மற்றவர்களும் இறங்கிப் போன பாதையில் அவள் போகவில்லை. டிராக்டரிடம் போய், பின்சக்கரத்தில் கால் வைத்து, காலி டிரெய்லருக்குள் ஏறினாள். சிவப்புக் கம்பளத்தில் பெட்டி அழுத்திய நீண்ட தடம் இருந்தது. அதன் ஓரமாக, கோட்டைக் காலுக்கடியில் இழுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

நெவெங்கா இருக்கையில் ஏறினாள். எஞ்சின் உடனே பிடித்தது. இறக்கத்தில் கியரை மாற்றவில்லை, பிரேக்கை நம்பவில்லை. முதல் கியரிலேயே ஊர்ந்தாள். அந்தச் சத்தத்தில் பின்னாலிருப்பவள் அழுதாலும் கத்தினாலும் கேட்காது. திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் நடந்து போனவர்கள் ஒதுங்கி நின்று கையசைத்தார்கள். மிலிசாவ் மட்டும் டிராக்டரைப் பார்த்துவிட்டு டிரெய்லரையும் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

வாசலில் வண்டி நின்றது. வீட்டுப் புகைபோக்கியில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. சமையலறைக்குள் தட்டுகளின் சத்தம் கேட்டிருக்க வேண்டும், ஆனால் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை. நெவெங்கா இப்போது திரும்பினாள். யாகோதா முதுகைக் காட்டிக்கொண்டு, ஏறி வந்த மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தோளில் பனித்துகள் படியத் தொடங்கியிருந்தது. இறங்கவில்லை.

எஞ்சினை நிறுத்தும் குமிழ் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது. இழுத்தால் போதும், எல்லாம் அமைதியாகிவிடும். நெவெங்கா அதன் மேல் கையை வைத்தாள். பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டாங்கில் பாதிக்கு மேல் டீசல் இருந்தது. யாகோதா இறங்கும்வரை ஓடும்.